மைதானத்தைக் காலி பண்றதும் ஒரு கலைதான், பேராண்டி

கோவப்படாமக் கேட்டா ஒண்ணு சொல்றேன். நாப்பதாயிரம் பேர் உக்கார்ற மைதானத்தை நிரப்புறது பெரிய வித்தை இல்லை. சினிமாக்காரர் ஒருத்தரைக் கூட்டியாந்து கையை ஆட்டச் சொன்னா நெறஞ்சிரும். ஆனா நெறஞ்ச மைதானத்தை, ஒரு கண்ணாடி உடையாம, போலீஸ் தடியெடுக்காம, அவனவன் பாட்டுக்கு வீட்டுல உக்காந்துக்கிற மாதிரி ஆக்குறது இருக்கே, அதுக்குத் தனித் திறமை வேணும். உங்க சென்னையின் எஃப்.சி. அந்தத் திறமையில யாருக்கும் சளைச்சது இல்லை. நியாயமா அதுக்கும் ஒரு கோப்பை கொடுக்கணும்.

நீ என்னடான்னா வராதவனைப் போட்டுத் திட்டுறே. லீவுக்கு ஊருக்கு வந்த நாள்லேருந்து இதே பேச்சு. ஒரு காலத்துல நீலச் சட்டை போட்டு உன் தோள்ல கை போட்டுக்கிட்டுக் கத்துனவன் எல்லாம் இப்ப "மாப்ளே, இந்த வாரம் ஒரு வேலை இருக்கு"ன்னு நழுவுறானாம். ஜெயிச்சா வருவானாம், தோத்தா வரமாட்டானாம். துரோகியாம். தோத்ததுக்காகவா வரலைங்கிறே? அப்படின்னா சேப்பாக்கத்துக்கு என்ன பதில் வெச்சிருக்கே?

2025 ஐ.பி.எல்.ல சென்னை சூப்பர் கிங்ஸ் எத்தனையாவது வந்துச்சு? பத்து டீம்ல பத்தாவது. அவங்க சரித்திரத்துலயே முதல் தடவையா கடைசி இடம். அதுக்காக மஞ்சச் சட்டையை எவனாவது அடுப்புத் துணி ஆக்குனானா? 2018ல காவிரிப் பிரச்சினையில மேட்சையெல்லாம் புனேக்குத் தூக்கிட்டுப் போனப்ப, ரசிகர்களுக்குன்னே இங்கேருந்து ஒரு ரயிலு கிளம்பிப் போச்சு. தோனி மட்டையைத் தூக்கிட்டு இறங்குறதைப் பார்க்கணும், அவ்வளவுதான் அவங்களுக்கு. அதே தோனி உங்க கால்பந்து டீம்லயும் பங்காளிதானே? அங்கே மட்டை, இங்கே பங்கு. மட்டைக்கு விசில் அடிக்கலாம். பங்குப் பத்திரத்துக்கு எவன் விசில் அடிப்பான்?

ஆகவே தோல்வியை விட்டுத்தள்ளு. உங்க டீமுக்கு ஆரம்பத்துல வந்தது என்ன கூட்டம்னு யோசிச்சியா? 2014ல ஐ.எஸ்.எல். தொடங்குனப்ப அது தேர்த் திருவிழா. புரட்டாசியில கொடியேறி, மார்கழியில இறக்கிருவாங்க. இத்தாலிக்காரர் மாட்டெராஸி, 2006 உலகக் கோப்பையில ஜிதான்கிட்ட நெஞ்சுல முட்டு வாங்குனவர், அவரே கோச்சு, அவரே ஆட்டக்காரர். பிரேசில்லேருந்து எலானோ வந்து எட்டு கோல் போட்டு, அந்த வருசம் லீக்லயே அதிக கோல் அடிச்சவர் ஆனார். இன்னொரு பங்காளி அபிஷேக் பச்சன் கோட்டோரம் நின்னு குதிச்சார். 2015 தொடக்க விழாவே நம்ம சென்னையிலதான். ஐஸ்வர்யா ராய், ஆலியா பட் ஆட்டம், ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டு. அந்த வருசம் லீக் முழுக்க ஆட்டத்துக்குச் சராசரி 25 ஆயிரம் பேருக்கு மேல. அப்புறம் சில வருசத்துல அது பாதியாச் சுருங்கிப் போச்சு. தேரோடுற அன்னிக்கு ஊரே வீதியில நிக்கும். அசலூர்க்காரன் நிப்பான், சாமி கும்பிடாதவனும் நிப்பான், பொரிகடலை திங்க வந்தவனும் நிப்பான். அந்தத் தலைக்கணக்கை எழுதி வெச்சுக்கிட்டு, மறுநாள் விடியக்காலப் பூசைக்கு அதே கூட்டம் வரலையேன்னு தர்மகர்த்தா அழுதா, அவரை என்னான்னு சொல்லுவே?

2017லேருந்து திருவிழாவை மாசக்கணக்குல நீட்டுனாங்க. நல்ல காரியம். கால்பந்துன்னா அப்படித்தான் இருக்கணும், நான் மறுக்கலை. ஆனா தினப் பூசைக்கு ஆள் வரணும்னா சாமி அவனுக்குச் சொந்தமா இருக்கணும். அந்தச் சொந்தத்தை உண்டாக்க வேண்டிய நேரத்துல, அடுத்த தேருக்கு எந்த நாட்டுக் குதிரையைப் பூட்டலாம்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க உன் ஆளுங்க.

சொந்தம்னதும், "தாத்தா நம்ம மொழிக்காரனை மட்டும் ஆடவிடச் சொல்லுது"ன்னு நெனைக்காதே. ஜெஜே மிசோரம்காரப் பையன். லால்பெக்லுவாங்கிற பாதிப் பேரு எனக்கு இன்னைக்கும் வாயில நுழையாது. ஆனா அவன் பந்தோட ஓடுனா சென்னைக்காரன் எந்திரிச்சு நின்னான். அனிருத் தாபா டேராடூன் பையன். மீசை சரியா அரும்பாத வயசுல வந்து, உங்க கண்ணு முன்னாடி வளந்து கேப்டனே ஆனான். 2023ல மோகன் பகானுக்குப் போயிட்டான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். கால்ல தெம்பு இருக்கிறவரைக்கும்தான் அந்தத் தொழில்ல காசு. என் கேள்வி வேற. நீ முதுகுல பேரு அச்சடிச்சு ஒரு சட்டை வாங்குறே. அது நாலு சலவை காணுறதுக்குள்ளே அந்தப் பேருக்காரன் வேற ஊர்ல ஆடுறான். அப்புறம் அடுத்த சட்டை. எத்தனை சட்டைடா வாங்குவான் ஒருத்தன்?

கோச்சுங்க கதையும் அதேதான். கோயல் போனார், லாஸ்லோ வந்தார். லாஸ்லோ போனார், பாண்டோவிச் வந்தார். அப்புறம் பிர்டாரிச். அவரும் போக, 2023ல மறுபடியும் கோயலே வந்தார். ஒவ்வொருத்தரும் வந்த முதல் நாள் "நீண்ட காலத் திட்டம்"னு பேசியிருப்பாங்க. அந்தத் திட்டத்துக்குத்தான் ஆயுசு கெட்டி. ஆளுங்க மாறுனாலும் அது மட்டும் அப்படியே இருக்கு.

இப்ப ஒரு நாளை ஞாபகப்படுத்துறேன், நீதான் எனக்குப் போன்ல சொன்னே. 2018 மார்ச் 13. கோவாவோட அரையிறுதி, ரெண்டாவது ஆட்டம், நேரு ஸ்டேடியத்துல. மூணு கோல். ரெண்டு ஜெஜே, ஒண்ணு தனபால் கணேஷ். கணேஷ் எந்த ஊரு? வியாசர்பாடி. பேசின் பிரிட்ஜைத் தாண்டுனா அவன் வீதி. நாலு நாள் கழிச்சுப் பெங்களூருக்கே போய்ப் பெங்களூரை 3-2னு சாய்ச்சுக் கோப்பையைத் தூக்கியாந்தீங்க. அன்னிக்கு நீ போன்ல கத்துனது இன்னும் என் காதுல இருக்கு. கோப்பைக்காகக் கத்துனதைவிட "தாத்தா, நம்ம வியாசர்பாடிப் பையன்!"னு கத்துனதுதான் ஜாஸ்தி. உனக்கும் வியாசர்பாடிக்கும் என்ன சம்பந்தம்? நீ வேளச்சேரியில வாடகைக்கு இருக்கிறவன். ஆனா 'நம்ம'ன்னே. அந்த ஒரு வார்த்தையைச் சம்பாதிக்கத்தான் ஊரு ஊரா டீம் நடத்துறவன் எல்லாம் தவங்கிடக்கிறான்.

அந்த வியாசர்பாடியைக் குட்டி பிரேசிலுங்கிறாங்க. சாயங்காலமானா அங்கே பந்து உருளாத சந்து கிடையாது. அந்தப் பக்கத்துப் பையனுங்களுக்கு இந்த மைதானம் நடக்கிற தூரம். அவங்களை வரவழைக்க நடிகை வேணுமா, வாண வேடிக்கை வேணுமா? அவங்க கூட விளையாடுன பையன் ஒருத்தன் பதினோரு பேர்ல இருந்தாப் போதும். இன்னொரு சென்னைப் பையன் நந்தகுமார் என்ன பண்ணுனான்? 2023 ஆகஸ்ட்ல, டூரண்ட் கோப்பையில, ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி மோகன் பகானுக்கு எதிரா ஒரே ஒரு கோல் போட்டான். வருசக்கணக்கா அந்தப் பங்காளிச் சண்டையில ஜெயிக்காத கல்கத்தாக்காரன் அவனைத் தலையில தூக்கி வெச்சு ஆடுனான். நம்ம பிள்ளை அடிச்ச கோலுக்குக் கல்கத்தாவுல இனிப்பு. நல்லா இருக்கட்டும்.

கோப்பை ஜெயிச்சதுக்கு அடுத்த வருசம் என்ன ஆச்சுன்னு நான் சொல்லணுமா? 18 ஆட்டம், ரெண்டே வெற்றி, ஒம்பது புள்ளி, கடைசி இடம். சாம்பியனா இருந்து நேரா அடிமட்டம். அதுக்கு என்ன தண்டனை கொடுத்தாங்க? ஒண்ணும் இல்லை. இங்கிலாந்துல கடைசி மூணு இடத்துல வந்தா கீழ் டிவிஷனுக்கு இறக்கி விட்டுருவாங்க. அந்தப் பயத்துல, தோத்துக்கிட்டே இருக்கிற டீமோட கடைசி ஆட்டத்துக்குத்தான் அங்கே தாத்தா பேரன் எல்லாம் நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். உங்க லீக் அப்ப ஆல்பாஸ் லீக். மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க மாட்டோம்னு தெரிஞ்சப்புறம், மாசி மாசத்துல நடந்த ஆட்டம் எதுக்கு? டிவிக்காரனுக்கு. ரசிகன் கணக்குத் தெரிஞ்சவன். அந்த மாசியில அவன் தங்கச்சி பிள்ளை காதுகுத்துக்குப் போயிட்டான்.

நடுவுல கொரோனா வேற. 2020 மார்ச்சுல இறுதி ஆட்டம், கோவாவுல, ஒரு ஈ காக்கா இல்லாத மைதானத்துல ஆடி ஏ.டி.கே.கிட்டத் தோத்தீங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் எல்லா ஆட்டமும் கோவாவுலயே. முத வருசம் 20 ஆட்டத்துல 11 ஆட்டம் சமன். அதை ஆளில்லாம நடத்துனது ஒரு வகையில புண்ணியம். ஆனா அந்த ரெண்டு வருசத்துல ரசிகனுக்குக் கால் மறந்து போச்சு. ஆட்டத்தன்னிக்குச் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்புறது இருக்கே, அது பழக்கம்தான். விட்டா விட்டதுதான். திரும்ப வந்தப்ப டீம் எத்தனையாவது? எட்டாவது. அதுக்கு முந்தின வருசம்? எட்டாவது. அதுக்கும் முந்தின வருசம்? எட்டாவது. அப்பப்பா, என்ன ஒரு நிலைச்ச புத்தி! அதுக்கடுத்த வருசம் ஜியோ சினிமாவுல ஆட்டத்தை ஓசியிலேயே காட்டுனாங்க. ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கி பத்து மணிக்கு விடுற ஆட்டம். ஆவடிக்காரன் வீடு போய்ச் சேர பதினொண்ணரை. மறுநாள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். போன்ல இலவசம், பொண்டாட்டி பக்கத்துல, கையில சூடா தோசை. நீயே சொல்லு, யாரு முட்டாள்?

நேருல பார்த்தாத்தானே ஆட்டம்னு சொல்லுவே. ஒத்துக்கிறேன். ஆனா அந்த மைதானத்துல ஓட்டப்பந்தயத் தடம் சுத்தி ஓடுதே, அதுக்கு அங்கிட்டுப் பந்து, இங்கிட்டு நீ. கோல் போஸ்டுக்குப் பின்னாடி உக்காந்தா எதிர்ப்பக்கம் கோல் விழுந்ததை ஸ்பீக்கர்காரன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கணும். டிவியில ஆட்டக்காரன் மூக்காவது தெரியுது.

என்னையும் ஒரு தடவை ஒரு மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, உன் மாமன் வீட்டுல. எந்த ஊரு, எந்த ஆட்டம்னு சொல்ல மாட்டேன். வாசல்ல ஒரு பையன் என் மடியைத் தடவிப் பார்த்து வெத்தலைப் பெட்டியை எடுத்தான். பாக்குவெட்டியைப் பார்த்து "இது ஆயுதம் பெரியவரே"ன்னான். சரி, நியாயம். அடுத்து சுண்ணாம்பு டப்பா. "இதை எறிவீங்க." யார் மேலடா எறிவேன், கோல் கீப்பர் நிக்கிற தூரத்துக்கு அது போய்ச் சேருமா? தண்ணி பாட்டிலையும் வாங்கி வெச்சுட்டான். பையில கெடந்த சில்லறையையும் ஒரு வாளியில போடச் சொன்னான். உள்ளே போனா, தண்ணி காகிதக் கப்புல விக்குது. நோட்டை நீட்டுனா "சில்லறை இல்லை தாத்தா"ங்கிறான். என் சில்லறைதான் வாசல்ல வாளியில இருக்கேடா! ஆட்டம் நல்லாத்தான் இருந்திருக்கும். எனக்கு நாக்கு வறண்டதுதான் ஞாபகம்.

நம்ம ஊர்ல பொங்கலுக்கு எழுவர் பந்தாட்டம் நடத்துறமே, அதை நெனைச்சுப் பாரு. நம்ம டீம் முதல் சுத்தைத் தாண்டி எத்தனை வருசம் ஆச்சு? ஆனாக் களத்துமேட்டுல நிக்க இடம் கிடைக்காது. போன தை மாசம் பால் சொசைட்டி கிளார்க்கு மகன்தான் கோலி. பந்து ரெண்டு காலுக்கு நடுவுல போச்சு. கோட்டோரம் நின்ன அவன் அப்பத்தாளே, "கைலி கட்டுனா மட்டும் காலைச் சேர்த்து வெச்சு நடக்கத் தெரியுதுல்ல"ன்னு கூவுச்சு. ஊரே சிரிச்சது. மறுநாள் விடியக்காலம் பால் ஊத்தப் போனவன் ஒவ்வொருத்தனும் அவன்கிட்ட அதைக் கேட்டான். அவனும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே பதில் சொன்னான். அங்கே தோக்குறதைப் பார்க்கக் கூட்டம் வருதுன்னா, தோத்தவனை மறுநாள் பிடிச்சுத் திட்டலாங்கிற பாத்தியதை இருக்கு. அவனும் பதில் சொல்லியாகணும். உங்க ஆளுங்க ஏ.சி. பஸ்ஸுல வர்றாங்க, ஏ.சி. பஸ்ஸுல போறாங்க. யாரை எங்கே நிறுத்திக் கேப்பே?

திட்டுறவனைச் சாதாரணமா நெனைக்கக் கூடாது, ராசா. இங்கிலாந்துல பிளாக்பூல்னு கடலோர ஊரு இருக்காமே, நீதான் ஒரு ராத்திரி உக்காந்து கதை சொன்னே. 2010-11ல பிரீமியர் லீக்ல ஆடுன டீம். நாலாவது டிவிஷன் வரைக்கும் சறுக்கிருச்சு. முதலாளிங்க டீமைக் கவனிக்கிறதை விட்டுட்டு, திட்டுன ரசிகனுங்க மேல மானநஷ்ட வழக்குப் போட்டாங்க. ரசிகன் என்ன பண்ணுனான்? இனி ஒரு பைசா தரமாட்டோம்னு சொல்லிட்டுச் சொந்த மைதானத்துக்கே வரலை. 2017ல வெம்பிளியில பிளே-ஆஃப் இறுதி ஆட்டம். ஜெயிச்சாங்க. அதுக்கும் பெரும்பாலானவன் போகலை. ஜெயிச்சும் போகலை, கேட்டுக்க! கோர்ட்டு நியமிச்ச ஆளு வந்து முதலாளியை வெளியே அனுப்புன பிறகு, 2019 மார்ச் 9ல திரும்பி வந்தாங்க. 15 ஆயிரத்துக்கு மேல கூட்டம். அன்னிக்கு ஆட்டம் சவுத்எண்டோட 2-2. சமன்தான், வெற்றிகூட இல்லை. கிழவனுங்க எல்லாம் அழுதாங்கன்னு சொன்னே. இத்தனை வருசம் வீட்டுல இருந்தவனை நீ துரோகிம்பியா?

கொச்சிக்காரனைப் பாரு. கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022னு மூணு இறுதி ஆட்டம் ஆடி மூணுலயும் தோத்தவங்க. ஒரு தடவையும் கோப்பை கிடையாது. ஆனா மைதானம் மஞ்சக் கடல். தோல்வி அவனை விரட்டலை. அந்த மஞ்சப்படையே 2024-25ல நிர்வாகத்து மேல கோவிச்சுக்கிட்டுக் கொடி பிடிச்சு, கூட்டம் குறைஞ்சு போச்சு.

உங்க ஊர்ல கொடியும் பிடிக்கலை, கோஷமும் போடலை. மெதுவா நழுவிட்டான். அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. 2024-25ல 13 டீம்ல 11வது. அடுத்த சீசன் செப்டம்பர்ல தொடங்கணும். கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீக் நடத்துன கம்பெனிக்கும் இருந்த 15 வருச ஒப்பந்தம் முடியப் போகுதுன்னு இழுபறியாகி, அந்த வருசம் முடியுற வரைக்கும் தொடங்கவே இல்லை. ஆகஸ்ட்லயே உங்க டீம்ல சம்பளத்தை நிறுத்தி வெச்சுட்டாங்க. கொச்சியிலயும் பெங்களூருலயும் ரசிகன் லபோதிபோன்னு அடிச்சுக்கிட்டான். சென்னையில டீக்கடையில ஒருத்தன் இன்னொருத்தனைக் கேட்டிருப்பான், "அப்படியா, இன்னும் தொடங்கலையா?"ன்னு.

இதுலயும் பி ஸ்டாண்டு ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ்னு கொஞ்சப் பேரு தோத்தாலும் முரசு அடிச்சுக்கிட்டு நிக்கிறாங்கல்ல, நீயும் அதுல ஒருத்தன்ல, அவங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா அந்தத் தெம்புல வராதவனுக்கு மீம் போட்டுக் கேவலப்படுத்துற வேலையை விடு. அவன் டிக்கெட் காசு அவன் வேர்வை. கிளப்புக்காரங்களைப் பார்த்தா நான் சொன்னேன்னு சொல்லு: போஸ்டர் அடிக்கிற காசுல பாதியை வெச்சு மாசம் ஒரு நாள் பயிற்சியை வியாசர்பாடியில, பெரம்பூர்ல, காசிமேட்டுல போய் நடத்தச் சொல்லு. பையனுங்க வேலியில தொங்கிக்கிட்டுப் பார்க்கட்டும். அந்த வேலியில தொங்குறவன்ல ஒருத்தன் அடுத்த அஞ்சு வருசத்துல நீலச் சட்டை போடணும். தோத்த மறுநாள் கோச்சோ கேப்டனோ ஒரு ஆளு ரசிகன் முன்னாடி வந்து நின்னு, திட்டு வாங்கிக்கிட்டுப் பதில் சொல்லணும். இதுக்கெல்லாம் இத்தாலிக்காரர் தேவையில்லை.

அப்புறம் நீ நாளைக்குச் சென்னைக்குப் போனதும், வர்றதை நிறுத்துன அந்தச் சிநேகிதனுக்கு ஒரு போன் போடு. ஆட்டத்துக்குக் கூப்பிடாதே. கடைசி ஆட்டத்துல யாரு கோல் விட்டான், எந்த நிமிஷம்னு மட்டும் கேளு. உன்னைவிடச் சரியாச் சொல்லுவான்.